விதியின் தலையில் கட்டிவிட வேண்டாம்

அமெரிக்கப் போர்க்கப்பல்களின் பணி வரலாறுகளைப் படிப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். வீடு அடங்கிய பிறகு ஏதாவது ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு, அதன் கதையை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுப் படுப்பேன். இந்தக் குறிப்புகளுக்கென்று ஒரு வார்ப்பு உண்டு. எந்தத் தளத்தில் கட்டினார்கள், யாருடைய மனைவி பாட்டிலை உடைத்து நீரில் இறக்கிவைத்தார், என்றைக்குப் படையில் சேர்ந்தது, முதல் கேப்டன் யார், எத்தனை முறை ரோந்து போனது, எதையெல்லாம் மூழ்கடித்தது, எத்தனை போர் நட்சத்திரம் வாங்கியது, கடைசியில் உடைத்து விற்றார்களா அல்லது கடலுக்கடியில் கிடக்கிறதா. எழுதுகிறவர் எங்கேயும் குரலை உயர்த்த மாட்டார். ஒரு வரியில் புயல் வரும், அடுத்த வரியில் பழுதுபார்ப்பு வரும். நடுவில் இருந்த மனிதர்களை நாமேதான் யோசித்துக்கொள்ள வேண்டும். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்படிப் படித்ததில் மனதை விட்டு நகராமல் நிற்பவை இரண்டு நீர்மூழ்கிகள். ஒன்று ஸ்குவாலஸ், இன்னொன்று ஸ்கல்பின். 1939 மே மாதம் ஸ்குவாலஸ் ஒரு சோதனை முழுக்கில் கடலடிக்குப் போய்விட்டது. அதைத் தேடிக் கண்டுபிடித்தது ஸ்கல்பின். 33 பேர் உயிரோடு மேலே வந்தார்கள். கப்பலையும் தூக்கிப் பழுதுபார்த்து, செயில்ஃபிஷ் என்று வேறு பெயர் வைத்துப் போருக்கு அனுப்பினார்கள். 1943 நவம்பரில் ஸ்கல்பின் ஜப்பானியர்களால் மூழ்கடிக்கப்பட்டது. பிடிபட்டவர்களில் 21 பேரை சூயோ என்ற விமானம் தாங்கிக் கப்பலில் ஏற்றி ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஒரு அமெரிக்க நீர்மூழ்கி சூயோவை மூழ்கடித்தது. அந்த 21 பேரில் 20 பேர் இறந்துபோனார்கள். மூழ்கடித்த நீர்மூழ்கி செயில்ஃபிஷ். அதாவது, நாலரை வருடம் முன்னால் ஸ்கல்பின் தேடிக் கண்டுபிடித்த அதே கப்பல்.

இந்தக் கதையைச் சமீபத்தில் ஒரு நண்பரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எல்லாம் விதிங்க, வேற என்ன சொல்றது” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த இரண்டு கப்பல்களைப் பற்றி எழுதுகிற பெரும்பாலானவர்களும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள். விதியின் விளையாட்டு, நம்ப முடியாத தற்செயல், அதோடு கதை முடிந்தது. எனக்கு மட்டும் அந்தப் பதில் செரிக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்துப் பார்க்கப் பார்க்க, விதிக்கு விட்டுவைத்த இடம் குறைந்துகொண்டே போனது.

பச்சையாகத்தான் எரிந்தன

1939 மே 23, காலை. நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால், ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ் தீவுகளுக்குத் தெற்கே. கேப்டன் ஆலிவர் நாக்குவின். கப்பல் படையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு உள்ளே 59 பேர். மேற்பரப்பில் ஓடும்போது டீசல் என்ஜின்களுக்குக் காற்று இழுக்கும் பெரிய குழாய் ஒன்று உண்டு. முங்குவதற்கு முன் அதன் வால்வ் மூடியாக வேண்டும். எந்தெந்த வாய் மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று காட்டுவதற்குக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு விளக்குப் பலகை. சிவப்பு என்றால் திறந்திருக்கிறது, பச்சை என்றால் மூடியாயிற்று. அன்றைக்கு எல்லாம் பச்சை. முங்கினார்கள். சில நொடிகளில் என்ஜின் அறையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று அலறல் வந்தது. வால்வ் திறந்தே கிடந்தது.

பின்பக்க அறைகள் நிரம்ப நிரம்ப, கப்பல் வாலில் நின்றது போலச் சாய்ந்தது. லாய்ட் மேனஸ் என்ற எலக்ட்ரீஷியன் நின்றிருந்தது கட்டுப்பாட்டு அறைக்கும் அதன் பின்னாலிருந்த அறைக்கும் நடுவிலுள்ள இரும்புக் கதவருகே. கதவைச் சாத்தச் சொல்லி உத்தரவு. சாய்வில் அந்தக் கதவை மேல்நோக்கி இழுத்துத்தான் சாத்த வேண்டும். பாதி இழுத்தபோது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. கதவைத் தளர்த்தி, தண்ணீரில் திணறி வந்தவர்களை உள்ளே விட்டார். அதற்குமேல் யாரும் வருவது தெரியவில்லை. தண்ணீர் வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தது. இழுத்துச் சாத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் 26 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அந்த வாரக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டியவர் மேனஸ்.

கப்பல் சுமார் 240 அடி ஆழத்தில் தரைதட்டியது. முன்பக்கம் உயிரோடு இருந்த 33 பேருக்கு நாக்குவின் சொன்னது: படுங்கள், பேசாதீர்கள், காற்றை மிச்சம் பிடியுங்கள். ஒரு மிதவையை மேலே விட்டார்கள். அதற்குள் ஒரு தொலைபேசி. அவ்வப்போது சிவப்புப் புகை கக்கும் ராக்கெட்டுகளையும் விட்டார்கள். முங்கும் இடத்தைக் கரைக்குச் சொன்ன தந்தி தவறாகப் பதிவாகியிருந்ததால், தேடிவந்த ஸ்கல்பின் சில மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தில் நின்ற ஒரு இளம் அதிகாரி வேறு பக்கம் திரும்பிப் பார்த்தபோது தூரத்தில் புகையைக் கண்டார். ஸ்கல்பின் கேப்டன் வாரன் வில்கின் மிதவையை இழுத்துத் தொலைபேசியை எடுத்தார். நாக்குவினோடு கொஞ்சம் பேசுவதற்குள் ஒரு அலை தூக்கிப்போட்டதில் கம்பி அறுந்துவிட்டது. ஆனாலும் கப்பல் கிடக்கும் இடம் தெரிந்துவிட்டது.

விதி என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு அந்த இளம் அதிகாரி திரும்பிப் பார்த்த கணத்தை விட்டுத்தருகிறேன். இந்தக் கதை முழுவதிலும் உண்மையான தற்செயல் என்று எனக்குப் படுவது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நடந்த மீட்பை அதிசயம் என்கிறார்கள். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் சார்ல்ஸ் மாம்சன் என்று ஒருவர் இருந்தார். 1925இல் எஸ்-51 என்ற நீர்மூழ்கி ஒரு பயணிக் கப்பல் மோதி மூழ்கியது. அதைத் தேடிப்போன சக நீர்மூழ்கியின் கேப்டன் மாம்சன். எண்ணெய்க் குமிழிகள் மேலே வருவதைப் பார்த்தார். கீழே இருப்பவர்களுக்கு எதுவும் செய்ய முடியவில்லை. மணி வடிவில் ஒரு கூண்டு செய்து, அதைக் கம்பியில் இறக்கி, நீர்மூழ்கியின் வாசலில் பொருத்தி ஆட்களை ஏற்றலாம் என்று திட்டம் எழுதி அனுப்பினார். அது அலுவலகக் கோப்பில் தூங்கியது. நடைமுறைக்கு ஒத்துவராது என்று தள்ளினார்கள். 1927 டிசம்பரில் எஸ்-4 மாசசூசெட்ஸ் கரையோரம் மூழ்கியது. முன்னறையில் ஆறு பேர் நாள்கணக்கில் உயிரோடிருந்து, கப்பல் சுவரைத் தட்டித் தட்டி, நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே புயல். 40 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கூண்டுக்கு அனுமதி வந்தது. ஆலன் மெக்கான் அதை மெருகேற்றி முடித்ததால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது.

1939 மே 24 காலை, ஃபால்கன் என்ற மீட்புக் கப்பல் அந்தக் கூண்டோடு வந்து நின்றது. ஒரு முக்குளிப்பவர் இறங்கிக் கம்பியைப் பொருத்தினார். முதல் நடையில் 7 பேர், இரண்டாவதில் 9, மூன்றாவதில் 9. நாலாவது நடையில் மிச்சமிருந்த 8 பேர். பாதி வழியில் கம்பி சிக்கியது, இழைகள் பிரியத் தொடங்கின. கூண்டை மறுபடியும் கடலடிக்கு இறக்கி, கடைசியில் மனிதக் கைகளால் பைய இழுத்து, நள்ளிரவு தாண்டி மேலே கொண்டுவந்தார்கள். மறுநாள் பின்பக்க அறைக்கும் ஒருமுறை கூண்டை இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர்தான். இது அதிசயம் அல்ல. எஸ்-4இல் சுவரைத் தட்டிய ஆறு பேருக்காக ஒருவர் விடாமல் போராடியதன் பலன்.

பெயர் மாறிய கப்பல்

ஸ்குவாலஸைத் தூக்க அந்தக் கோடைகாலம் முழுவதும் பிடித்தது. ஜூலையில் ஒருமுறை கட்டுக்கடங்காமல் அதன் மூக்கு மட்டும் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்து, மறுபடியும் உள்ளே போனது. செப்டம்பர் 13ஆம் தேதி போர்ட்ஸ்மத் தளத்துக்கு இழுத்துவந்தார்கள். 1940 பிப்ரவரியில் பெயரை மாற்றி, மே 15 அன்று செயில்ஃபிஷாக மறுபடியும் படையில் சேர்த்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் அதே கப்பலுக்கே திரும்பி வந்தார்கள். மாலுமிகள் இரண்டு பெயரையும் ஒட்டவைத்து ஒரு பட்டப்பெயர் வைக்க, புதிய கேப்டன் மார்ட்டன் மம்மா அதைச் சொல்பவர்களை ராணுவ விசாரணைக்கு அனுப்புவேன் என்று எச்சரித்ததாகச் சொல்வார்கள்.

பணி வரலாறுகளில் யாருடைய மனைவி பாட்டிலை உடைத்தார் என்ற வரி வரும் என்று சொன்னேன் இல்லையா, அதை நான் வழக்கமாகத் தாண்டிப் போய்விடுவேன். இந்த இரண்டு கப்பல்களில் அது முடியவில்லை. ஸ்குவாலஸை நீரில் இறக்கியவர் அட்மிரல் தாமஸ் ஹார்ட்டின் மனைவி. 1941 இறுதியில் செயில்ஃபிஷும் ஸ்கல்பினும் மணிலாவில் நின்றபோது, அவை சேர்ந்திருந்த ஆசியக் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் அதே ஹார்ட். ஸ்கல்பினை நீரில் இறக்கியவர் டிஃப்ரீஸ் என்ற அதிகாரியின் மனைவி. அவருடைய மகன் ஜோசப் டிஃப்ரீஸ் பின்னாளில் ஸ்கல்பினிலேயே பீரங்கி அதிகாரியாகச் சேர்ந்தார். அவர் முடிவைப் பிறகு சொல்கிறேன். நான் சொல்ல வருவது, போருக்கு முந்தைய அமெரிக்க நீர்மூழ்கிப் படை ஒரு சின்ன ஊர் மாதிரி. ஒரே தளத்தில் அடுத்தடுத்துக் கட்டிய ஒரே வகைக் கப்பல்கள், ஒரே துறைமுகத்துக்குப் போகின்றன, ஒரே கடலில் ரோந்து சுற்றுகின்றன. அந்த ஊரில் இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொள்வதில் வியப்பு குறைவு.

செயில்ஃபிஷின் முதல் போர் ரோந்தைப் பற்றியும் ஒன்று. ஆழ்கடல் குண்டு வீச்சில் சிக்கிய பிறகு கேப்டன் மம்மா மனம் உடைந்துபோனார். தன்னை விடுவிக்கச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டார், கப்பல் மணிலாவுக்குத் திரும்பியது. அவர் இடத்துக்கு வந்த ரிச்சர்ட் வோகின் சொந்தக் கப்பல் சீலயன், டிசம்பர் 10ஆம் தேதி கவீட்டே தளத்தில் குண்டு விழுந்து அழிந்திருந்தது. பணி வரலாற்றில் இதெல்லாம் கேப்டன் மாறினார் என்ற அளவில் அடங்கிவிடும். தன்னால் முடியவில்லை என்று ஒரு கேப்டன் போர் தொடங்கிய முதல் வாரத்திலேயே சொல்வதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

125இல் நின்ற முள்

1943 நவம்பர் 5ஆம் தேதி ஸ்கல்பின் பேர்ள் ஹார்பரிலிருந்து கிளம்பியது. அதற்கு அது ஒன்பதாவது ரோந்து, புதிய கேப்டன் ஃப்ரெட் கான்னவேக்கு அந்தக் கப்பலில் முதல் ரோந்து. கூடவே ஜான் க்ராம்வெல் என்ற மூத்த அதிகாரி. தேவைப்பட்டால் இரண்டு மூன்று நீர்மூழ்கிகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து நடத்துவது அவர் பொறுப்பு. பசிபிக்கில் ஜப்பானியர் வசமிருந்த தராவா, மாகின் தீவுகளில் நவம்பர் 20 அன்று அமெரிக்கப் படை இறங்கப்போகிறது. ட்ரக் என்ற தீவுத் தளத்திலிருந்து ஜப்பானியக் கப்பல்கள் அங்கே உதவிக்குப் போகாமல் தடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ரோந்து. க்ராம்வெல்லுக்கு இந்தப் படையெடுப்புத் திட்டம் தெரியும். அதைவிடப் பெரிய ஒன்றும் தெரியும். ஜப்பானியக் கடற்படையின் சங்கேதத் தந்திகளை அமெரிக்கா உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. அல்ட்ரா என்று அழைக்கப்பட்ட அந்த ரகசியம் வெகு சிலருக்குத்தான் தெரியும்.

நவம்பர் 19 காலை ஒரு கப்பல் தொகுதியைத் தாக்கப் போய் ஸ்கல்பின் கண்ணில் பட்டுவிட்டது. முங்கிக் காத்திருந்து மேலே வந்தால், யமகுமோ என்ற ஜப்பானிய டெஸ்ட்ராயர், அதாவது வேகமான காவல் போர்க்கப்பல், அங்கேயே பதுங்கி நின்றது. குண்டுமேல் குண்டு. நடுவே, பெரிஸ்கோப் உயரத்துக்கு வந்து பார்க்கலாம் என்று மெதுவாக ஏறினார்கள். ஏற்றத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஃபீட்லர் என்ற இளம் அதிகாரி. ஆழமானியின் முள் 125 அடியைக் காட்டியது. இன்னும் ஏறினார்கள். முள் 125இலேயே நின்றது. குண்டு அதிர்ச்சியில் அந்த மானி சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிவதற்குள், கப்பல் பட்டப்பகலில் தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டிவிட்டது. ஸ்குவாலஸில் பச்சை விளக்கு, ஸ்கல்பினில் அசையாத முள். இரண்டு இடத்திலும் மனிதர்கள் கருவியை நம்பினார்கள். நம்பாமல் நீர்மூழ்கியை ஓட்டவே முடியாது.

அதற்குப் பின் வந்த குண்டுகளில் கப்பல் தாங்கவில்லை. கான்னவே மேலே வந்து பீரங்கியால் மோதிப் பார்க்க முடிவெடுத்தார். டெஸ்ட்ராயரோடு ஒரு நீர்மூழ்கியின் ஒற்றைப் பீரங்கி எவ்வளவு நேரம் நிற்கும்? கான்னவே இறந்தார். தன் தாய் பாட்டிலை உடைத்து இறக்கிவைத்த அதே கப்பலில் ஜோசப் டிஃப்ரீஸும் இறந்தார். மிஞ்சியவர்களில் மூத்தவரான ஜார்ஜ் ப்ரவுன், எல்லோரும் வெளியேறுங்கள், கப்பலை நாமே மூழ்கடிக்கிறோம் என்று உத்தரவிட்டார். க்ராம்வெல் வெளியே வரவில்லை. தனக்குத் தெரிந்தது அதிகம், பிடிபட்டால் சித்திரவதையில் என்ன சொல்வேனோ தெரியாது என்ற பொருளில் ப்ரவுனிடம் சொல்லிவிட்டுக் கப்பலோடு கீழே போனார். ஃபீட்லரும் போனார். அந்த முள்ளுக்குத் தான் பொறுப்பு என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

தண்ணீரில் குதித்தவர்களில் 42 பேரை யமகுமோ தூக்கியது. படுகாயமடைந்திருந்த ஒருவரைத் திரும்பவும் கடலில் எறிந்தார்கள். மீதி 41 பேரை ட்ரக்கில் வைத்துப் பத்து நாள்போல விசாரித்தார்கள். க்ராம்வெல் பயந்த விசாரணை அதுதான்.

அதே ரகசியம்

இனி வருவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த பகுதி. நவம்பர் 30 அன்று ட்ரக்கிலிருந்து ஒரு ஜப்பானியத் தொகுதி யொகோசுகா நோக்கிக் கிளம்பியது. சூயோ, உன்யோ, ஸுயிஹோ என்று மூன்று விமானம் தாங்கிக் கப்பல்கள், துணைக்குப் போர்க்கப்பல்கள். கைதிகளில் 21 பேர் சூயோவில், 20 பேர் உன்யோவில். இந்தப் பயணம் பற்றிய ஜப்பானியத் தந்திகளை அமெரிக்கா படித்தது. வழியில் இருந்த நீர்மூழ்கிகளுக்குச் செய்தி போனது. ஸ்கேட் என்ற நீர்மூழ்கி முதலில் டார்பிடோ விட்டது, தவறியது. அடுத்து கன்னல் விட்டது, அதுவும் தவறியது. மூன்றாவதாகக் காத்திருந்தது செயில்ஃபிஷ்.

இதைப் படித்த இரவு நான் அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். க்ராம்வெல் எதைக் காப்பாற்றுவதற்காக உயிரை விட்டாரோ, அந்த ரகசியம்தான் செயில்ஃபிஷை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் பிடிபட்டு, வாய் திறந்து, ஜப்பானியர்கள் சங்கேதத்தை மாற்றியிருந்தால் சூயோ நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் கூட வந்த 20 பேரும் பிழைத்திருக்கலாம். அவர் வாய் திறக்கவில்லை. ரகசியம் நிலைத்தது. நிலைத்த ரகசியம் தன் வேலையைச் செய்தது. அந்த வேலை இரண்டு வாரம் கழித்து அவருடைய சொந்தக் கப்பலின் ஆட்கள்மேல் விழுந்தது. இதற்கு அவரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ரகசியம் அந்தப் போரில் காப்பாற்றிய உயிர்கள் எண்ணிலடங்காதவை. அவர் செய்தது சரி. சரியானதைச் செய்ததற்கும் இப்படி ஒரு விலை இருந்தது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க என்னால் முடியவில்லை.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, புயலில், எதிரே எதுவும் தெரியாத மழையில், செயில்ஃபிஷின் ரேடாரில் புள்ளிகள் தெரிந்தன. அப்போது கேப்டன் பாப் வார்ட். அவருக்கு அது கேப்டனாக முதல் ரோந்து. நள்ளிரவு தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நாலு டார்பிடோ விட்டார். அடி விழுந்தது, சூயோ வேகம் குறைந்தது. விடியும் நேரத்தில் மறுபடியும் மூன்று. காலையில் பின்பக்கக் குழாய்களிலிருந்து இன்னும் மூன்று. சூயோ மூழ்கியது. 1,200க்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள்.

உள்ளே கீழ்த்தளத்தில் பூட்டிவைக்கப்பட்டிருந்த அமெரிக்கர்கள், புகையும் தண்ணீரும் வரத் தொடங்கியதும் கதவை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். அவர்கள் நீர்மூழ்கிக்காரர்கள். வெடித்தது டார்பிடோ என்பது சத்தத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடலில் நீந்தியவர்களில் ஜார்ஜ் ரோசெக் என்ற ஒருவர் மட்டும் உராகஸே என்ற டெஸ்ட்ராயர் கடந்துபோகும்போது அதன் பக்கவாட்டில் தொங்கிய ஏணியைப் பற்றிக்கொண்டு பிழைத்தார். உன்யோவில் வந்த 20 பேரோடு அவரும் ஓஃபுனா விசாரணை முகாமிலும் ஆஷியோ செம்புச் சுரங்கத்திலும் இருந்துவிட்டுப் போர் முடிந்து வீடு திரும்பினார். க்ராம்வெல் என்ன செய்தார் என்பதே இவர்கள் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்ததும் அதனால்தான்.

சூயோவுக்கும் முன்கதை உண்டு. அதுவும் பெயர் மாறிய கப்பல்தான். முன்னால் அது நிட்டா மாரு என்ற பயணிக் கப்பல். 1942 ஜனவரியில் வேக் தீவில் பிடிபட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை அதில்தான் ஏற்றிப் போனார்கள். வழியில் ஐந்து பேரை மேல்தளத்துக்குக் கொண்டுவந்து வெட்டிக் கொன்றார்கள். கைதிகளைப் போர்க்கப்பலில், எந்த அடையாளமும் இல்லாமல், யாருக்கும் தகவல் சொல்லாமல் ஏற்றுவது ஜப்பானியக் கடற்படை தெரிந்தே எடுத்த முடிவு. போர்க்கைதிகள் பற்றிய 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்துப் போட்டது, ஆனால் அதை உறுதிப்படுத்தவில்லை. 20 பேரின் சாவுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் என் விரல் முதலில் இந்தப் பக்கம்தான் நீளும். விதி என்று சொல்லும்போது இந்த முடிவை எடுத்தவர்களும் சத்தமில்லாமல் தப்பித்துவிடுகிறார்கள்.

அல்ட்ராவின் விலைக்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது, அதிலும் நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். ஸ்குவாலஸின் கேப்டன் நாக்குவின் 1945 ஜூலையில் குவாம் தீவில் கப்பல் போக்குவரத்தைக் கவனித்த அதிகாரி. இண்டியனாபொலிஸ் குரூசர் போகும் வழியில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் நடமாடுவது உடைத்த தந்திகளால் தெரிந்திருந்தது. எங்கிருந்து தெரிந்தது என்பதைக் காக்க வேண்டிய கட்டாயத்தில் அந்தத் தகவல் கேப்டன் சார்ல்ஸ் மெக்வேக்குப் போய்ச் சேரவில்லை. ஜூலை 30 அன்று ஐ-58 அந்தக் கப்பலை மூழ்கடித்தது. 1,195 பேரில் 316 பேர்தான் மிஞ்சினார்கள். கடலடியில் 33 பேரை அமைதியாக வைத்திருந்து காப்பாற்றிய மனிதரின் பெயர் அந்தக் கோப்பிலும் இருக்கிறது. கப்பல் வாரியாகப் படிக்கிறவருக்கு இது கண்ணிலேயே படாது.

எந்தப் பக்கத்தில் எழுதுவது

பணி வரலாறு என்ற வடிவத்தின்மேல் எனக்குள்ள வருத்தம் இதில்தான் வந்து நிற்கிறது. கப்பலுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டதால், செயில்ஃபிஷின் பக்கத்தில் சூயோ ஒரு பெரிய வெற்றி. அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்த முதல் விமானம் தாங்கிக் கப்பல் அது. கப்பலுக்கு அதிபரின் பாராட்டு, வார்டுக்கு நேவி க்ராஸ். ஸ்கல்பினின் பக்கத்தில் அது இழப்பு. க்ராம்வெல் ஸ்கல்பின் பக்கத்தோடு நின்றுவிடுகிறார். அல்ட்ரா இரண்டு பக்கத்திலும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை எழுதப்பட்ட காலத்தில் அந்த ரகசியம் இன்னும் முழுதாக அவிழவில்லை. நடுக்கண்ணியை மறைத்துவிட்டால் மீதியைப் பார்க்கிறவருக்கு விதி என்றுதான் தோன்றும். எழுதியவர்களிடம் வேறு சொல் கைவசம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்றைக்கு அந்தச் சாக்கு இல்லை. தந்திகள், ரோந்து அறிக்கைகள், பிழைத்தவர்களின் வாக்குமூலங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. செயில்ஃபிஷ் 9 போர் நட்சத்திரங்களோடு 1945 அக்டோபரில் ஓய்வுபெற்றது, பின்னால் உடைத்து விற்கப்பட்டது. அதன் கோபுரப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அது பிறந்த போர்ட்ஸ்மத் தளத்தில் 1946 நவம்பர் 11 அன்று நினைவுச்சின்னமாக நிறுத்தினார்கள். அந்தக் கப்பலின் பின்பகுதியில் இறந்த 26 பேருக்காக அது நிற்கிறது. ஸ்கல்பினின் 63 பேர், போரில் திரும்பிவராத 52 நீர்மூழ்கிகளின் 3,500க்கும் மேற்பட்ட ஆட்களோடு சேர்த்து நினைக்கப்படுகிறார்கள். அந்த 63இல் 20 பேர் இறந்தது ஸ்கல்பினில் அல்ல என்பதைத் தேடிப் படித்தால்தான் தெரியும்.

என் விருப்பம் சின்னது. இந்தக் கப்பல்களைப் பற்றித் தமிழிலோ வேறு மொழியிலோ எழுதுகிற யாராக இருந்தாலும், செயில்ஃபிஷின் பத்தாவது ரோந்து என்ற இடத்தில் மூன்று விஷயம் சேர்க்க வேண்டும். சூயோ வரும் வழியை வார்டுக்குச் சொன்னது உடைக்கப்பட்ட ஜப்பானியத் தந்தி என்பது ஒன்று. அந்த ரகசியத்தைக் காக்க இரண்டு வாரம் முன்னால் ஜான் க்ராம்வெல் உயிர்விட்டார் என்பது இன்னொன்று. மூன்றாவது, அந்த 20 பேரின் பெயர்கள், ஸ்கல்பினின் பட்டியலுக்குள் கலந்து அல்ல, அவர்கள் இறந்த தேதிக்குக் கீழே, தனியாக.